யுனானி படித்தால் சர்ஜன் ஆகலாமா? – சீட்டை ஏற்கும் முன் பெற்றோர்கள் அறிய வேண்டியவை



நீட் தேர்வு முடிவுகள் வெளிவந்த சில நாட்களிலேயே அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி பகுதி மஹல்லாக்களில் ஆலிம்களிடம் ஒரு கேள்வி வந்து சேரும். "ஹஜ்ரத், பிள்ளைக்கு எம்.பி.பி.எஸ். கிடைக்காது போலிருக்கிறது. அரும்பாக்கத்தில் யுனானி கிடைக்கும் என்கிறார்கள். இப்போதைக்கு அதில் சேர்த்துவிட்டு, பிறகு மேற்படிப்பில் சர்ஜரி எடுத்துக்கொள்ளலாம் அல்லவா?"

மருத்துவப் படிப்பு பற்றிய கேள்வியை ஆலிமிடம் ஏன் கேட்க வேண்டும் என்று சிலர் நினைக்கலாம். யுனானி மருத்துவத்தின் மூல நூல்கள் அரபியிலும் பாரசீகத்திலும் உருதுவிலும் இருக்கின்றன. அந்தப் படிப்பில் சேர இம்மொழிகளில் ஒன்றின் அடிப்படை அறிவு எதிர்பார்க்கப்படுகிறது. எனவே மதரஸாவுக்கும் யுனானிக்கும் ஒரு பழைய உறவு உண்டு. அந்த உரிமையில் கேட்கிறார்கள்.

கேள்விக்கு நேரான பதிலை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. கேட்பவர் மனதில் இருப்பது அரசு பொது மருத்துவமனையிலும் பெரிய தனியார் மருத்துவமனைகளிலும் நாம் பார்க்கும் சர்ஜன் என்றால், யுனானிப் பட்டத்தின் வழியாக அங்கே போக முடியாது. யுனானி முறைக்குள்ளேயே இருக்கும் அறுவை சிகிச்சைப் பிரிவில் நிபுணர் ஆகலாம். இவ்விரண்டும் வெவ்வேறு படிப்புகள், வெவ்வேறு பணிகள். இந்த வேறுபாடு தெரியாமல் ஒரு பிள்ளையின் ஐந்தரை ஆண்டுகளை முடிவு செய்துவிடக்கூடாது என்பதற்காகவே இந்தக் கட்டுரை.

யுனானிப் பட்டம் என்பது என்ன?

பி.யூ.எம்.எஸ். என்பது நாலரை ஆண்டு படிப்பும் ஓராண்டு பயிற்சியும் சேர்ந்த பட்டம். எம்.பி.பி.எஸ். படிப்பும் அதே ஐந்தரை ஆண்டுதான். சென்னை அரும்பாக்கத்தில் அறிஞர் அண்ணா அரசு இந்திய மருத்துவமனை வளாகத்தில் அரசு யுனானி மருத்துவக் கல்லூரி 1979 முதல் இயங்கி வருகிறது. அம்பத்தூரிலிருந்து ஒரே பேருந்துப் பயணத் தூரம். தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகம்தான் பட்டம் வழங்குகிறது. சேர்க்கைக்கு நீட் தேர்வில் தகுதி பெற்றிருக்க வேண்டும்.

இந்தப் படிப்பில் உடற்கூறு உண்டு; அதற்குத் தஷ்ரீஹ் என்று பெயர். நோய்களும் சிகிச்சையும் பற்றிய முஆலஜாத் உண்டு. ஹிஜாமா, ஃபஸ்து போன்றவை அடங்கிய இலாஜ் பித் தத்பீர் உண்டு. ஜராஹத் என்ற பெயரில் அறுவை சிகிச்சையும் ஒரு பாடமாக உண்டு. இதைக் காட்டித்தான் "சர்ஜரியும் சொல்லித் தருகிறார்களே" என்று பலர் சொல்கிறார்கள். சொல்லித் தருவது உண்மை. ஆனால் இளநிலையில் ஒரு பாடமாகப் படிப்பது வேறு, அறுவை அரங்கில் பல ஆண்டுகள் மூத்த மருத்துவரின் கண்காணிப்பில் கை பழகுவது வேறு. எம்.பி.பி.எஸ். படித்தவரும் சர்ஜரியை ஒரு பாடமாகப் படிக்கிறார். அதனால் மட்டும் அவர் சர்ஜன் ஆகிவிடுவதில்லை.

மேற்படிப்புக்கு இரண்டு வாசல்கள்

எம்.பி.பி.எஸ். முடித்தவர் நீட் முதுநிலைத் தேர்வு எழுதுகிறார். தரவரிசைப்படி எம்.எஸ். பொது அறுவை சிகிச்சை, எலும்பு அறுவை சிகிச்சை, காது மூக்கு தொண்டை, கண் என்று பிரிவைத் தேர்ந்தெடுக்கிறார். மூன்றாண்டுப் படிப்பு. அதற்கு மேல் நரம்பு, இதயம், பிளாஸ்டிக் சர்ஜரி என்று போக விரும்பினால் எம்.சிஎச். இருக்கிறது. இந்தத் தேர்வை எழுதவே எம்.பி.பி.எஸ். பட்டம் வேண்டும். யுனானி, சித்தா, ஆயுர்வேதம், ஹோமியோபதி படித்தவர்கள் இதற்கு விண்ணப்பிக்க முடியாது. எவ்வளவு திறமை இருந்தாலும், கல்லூரியில் தங்கப் பதக்கம் வாங்கியிருந்தாலும் இதுதான் நிலை.

யுனானி முடித்தவருக்கு உரிய தேர்வு அகில இந்திய ஆயுஷ் முதுநிலை நுழைவுத் தேர்வு. இதன் வழியாக யுனானியில் எம்.டி. அல்லது எம்.எஸ். படிக்கலாம். எம்.எஸ். பிரிவுகளில் ஒன்று ஜராஹத். அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் அஜ்மல் கான் திப்பியா கல்லூரியில் இந்தப் பிரிவு இருக்கிறது. மூலம், பவுத்திரம், கட்டிகள், ஆறாத புண்கள் போன்றவை இத்துறையில் அதிகம் கையாளப்படுகின்றன. இதில் நல்ல பயிற்சி பெற்றவர்களால் சமுதாயத்துக்குப் பயன் உண்டு. ஆனால் "எம்.எஸ்." என்ற இரண்டு எழுத்துகளைப் பார்த்து, இரண்டு எம்.எஸ். பட்டங்களும் ஒன்றே என்று எண்ணிவிடக் கூடாது.

அமெரிக்காவில் டி.ஓ. படித்தவர்கள் சர்ஜன் ஆகிறார்களே?

வெளிநாட்டில் உறவினர் இருக்கும் குடும்பங்களில் இந்தக் கேள்வி எழும். அமெரிக்காவில் எம்.டி. என்ற பட்டம் இருப்பதுபோல டி.ஓ. என்று இன்னொரு பட்டமும் உண்டு. ஆஸ்டியோபதி என்ற மருத்துவ முறையிலிருந்து வந்தது அது. "மாற்று மருத்துவம் படித்தவர்கள் அங்கே மூளை ஆபரேஷன்கூடச் செய்கிறார்கள், இங்கே ஏன் முடியாது?" என்று கேட்கிறார்கள். கேள்வி நியாயமானது. ஆனால் அங்கே நடந்தது என்ன என்பதை முழுமையாகத் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில் என்பவர் 1874-இல் இந்த முறையை முன்வைத்தார். மிசௌரி மாநிலத்தின் கிர்க்ஸ்வில் என்ற ஊரில் 1892-இல் முதல் கல்லூரியைத் தொடங்கினார். எலும்பையும் தசையையும் கையால் சரிசெய்வதன் மூலம் நோயைத் தீர்க்கலாம் என்பது அதன் தொடக்கக் கொள்கை. ஆரம்பத்தில் மருந்துகளை ஒதுக்கியே வைத்தார்கள். காலப்போக்கில் அந்தக் கல்லூரிகள் மருந்தியல், அறுவை சிகிச்சை, மகப்பேறு என்று நவீன மருத்துவம் முழுவதையும் பாடத்திட்டத்தில் சேர்த்துக்கொண்டன. கையால் செய்யும் சிகிச்சை கூடுதல் பாடமாக நின்றது. எம்.டி. கல்லூரி படிப்பதையே படித்து, அதோடு இதையும் படிக்கும் நிலைக்கு வந்தார்கள்.

அப்படியும் அங்கீகாரம் உடனே கிடைக்கவில்லை. அமெரிக்க ராணுவம் டி.ஓ. படித்தவர்களை மருத்துவ அதிகாரிகளாக ஏற்றது 1966-இல்தான். எல்லா மாநிலங்களும் முழு மருத்துவ உரிமம் கொடுத்து முடித்தபோது 1973 ஆகிவிட்டது. முதல் கல்லூரி தொடங்கி எண்பது ஆண்டுகளுக்குப் பிறகு!

அதற்குப் பிறகும் சிறப்புப் பயிற்சியில் நீண்ட காலம் இரண்டு தனித்தனி ஏற்பாடுகள் இருந்தன. 2020-இல் இரண்டும் ஒரே அங்கீகார அமைப்பின் கீழ் வந்தன. இன்று டி.ஓ. மாணவர் எந்தச் சிறப்புப் பயிற்சி இடத்துக்கும் விண்ணப்பிக்கலாம். 2024-ஆம் ஆண்டு ஒதுக்கீட்டில் எம்.டி. இறுதியாண்டு மாணவர்களில் 93.5 சதவீதம் பேருக்கும் டி.ஓ. மாணவர்களில் 92.3 சதவீதம் பேருக்கும் இடம் கிடைத்தது. பெரிய வித்தியாசம் இல்லை.

ஆனால் இந்த எண் எல்லாப் பிரிவுகளையும் சேர்த்தது. பிளாஸ்டிக் சர்ஜரி, நரம்பு அறுவை சிகிச்சை, காது மூக்கு தொண்டை போன்ற கடும் போட்டியுள்ள பிரிவுகளில் டி.ஓ. மாணவர்களுக்கு இன்றும் பாதை செங்குத்தானதுதான். பல டி.ஓ. கல்லூரிகளுக்குச் சொந்தமாகப் பெரிய போதனா மருத்துவமனை கிடையாது. அதனால் ஆராய்ச்சி செய்யவும், புகழ்பெற்ற சர்ஜன்களிடம் பரிந்துரைக் கடிதம் வாங்கவும் வாய்ப்பு குறைகிறது. சில பயிற்சி மையங்கள் டி.ஓ. என்ற பட்டத்தைப் பார்த்தே தயங்குவதும் உண்டு. இதை ஈடுகட்ட அந்த மாணவர்கள் தங்களுக்கான உரிமத் தேர்வோடு எம்.டி. மாணவர்களின் உரிமத் தேர்வையும் சேர்த்து எழுதுகிறார்கள். தாங்கள் சேர விரும்பும் மருத்துவமனைக்கே போய் ஒரு மாதம் வேலை செய்து தங்கள் திறமையைக் காட்டுகிறார்கள். ஆய்வுக் கட்டுரைகளுக்காக ஓராண்டைக் கூடுதலாகச் செலவிடுவோரும் இருக்கிறார்கள். எலும்பு அறுவை சிகிச்சையில் அவர்கள் ஓரளவு கணிசமாக இருப்பதற்கு, முன்பு டி.ஓ. மாணவர்களுக்கென்றே இருந்த பயிற்சி இடங்கள் ஒரு காரணம்.

இங்கே கவனிக்க வேண்டியது இதுதான். அமெரிக்க டி.ஓ. மாணவருக்கு முன்னால் இருப்பது ஏறக் கடினமான படிக்கட்டு. உழைப்பால் ஏறலாம். நம் யுனானி மாணவருக்கு முன்னால், நீட் முதுநிலையைப் பொறுத்தவரை, படிக்கட்டே கிடையாது. உழைப்பைக் கூட்டுவதால் அது உருவாகிவிடாது. எனவே "அங்கே முடிகிறதே" என்ற உதாரணம் நம் பிள்ளைக்குப் பொருந்தாது.

இதோடு ஒரு எச்சரிக்கை. அமெரிக்காவுக்கு வெளியே, பிரிட்டன் ஆஸ்திரேலியா போன்ற நாடுகளில், ஆஸ்டியோபதி படித்தவர் தசை, எலும்பு வலிகளுக்குக் கையால் சிகிச்சை தருபவர் மட்டுமே. அறுவை சிகிச்சை செய்யும் உரிமை அவருக்கு இல்லை. நம் நாட்டில் ஆஸ்டியோபதி என்ற பெயரில் நடத்தப்படும் குறுகிய காலப் படிப்புகளை அமெரிக்காவின் டி.ஓ. பட்டத்தோடு ஒப்பிட்டு யாராவது விளம்பரம் செய்தால் ஏமாந்துவிடாதீர்கள்.

நம் நாட்டில் சட்டம் எங்கே நிற்கிறது?

படிக்கட்டு கட்டும் முயற்சி இங்கேயும் நடந்தது. 2017-இல் கொண்டுவரப்பட்ட தேசிய மருத்துவ ஆணைய மசோதாவில், ஆயுஷ் மருத்துவர்கள் ஓர் இணைப்புப் படிப்பை முடித்து, குறிப்பிட்ட அளவுக்கு நவீன மருந்துகளை எழுத வழி செய்யும் பிரிவு இருந்தது. கடும் எதிர்ப்பு எழுந்தது. நாடாளுமன்ற நிலைக்குழு ஆராய்ந்த பிறகு 2018-இல் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டது. அதிலும்கூட மருந்து எழுதுவது பற்றித்தான் பேச்சே தவிர, சர்ஜரி மேற்படிப்பு பற்றி அல்ல.

2020 நவம்பரில் மத்திய இந்திய மருத்துவக் கவுன்சில் ஒரு அறிவிப்பு வெளியிட்டது. ஆயுர்வேத முதுநிலை மாணவர்கள் 58 வகை அறுவை சிகிச்சைகளில் பயிற்சி பெறுவார்கள் என்றது. பொது அறுவையில் 39, கண், காது, மூக்கு, பல் தொடர்பானவை 19. இந்திய மருத்துவச் சங்கம் அதை எதிர்த்து டிசம்பர் 11 அன்று வேலைநிறுத்தம் செய்தது. இந்தச் செய்தியை வைத்து, "இனி யுனானி படித்தவர்களும் ஆபரேஷன் செய்யலாம்" என்று வாட்ஸ்அப்பில் பரப்பினார்கள். அந்த அறிவிப்பு ஆயுர்வேத முதுநிலைப் படிப்புக்கு மட்டும் உரியது. யுனானிக்கு அது பொருந்தாது.

தமிழகத்தில் 2010 செப்டம்பரில் வந்த அரசாணை ஒன்றையும் சிலர் காட்டுவார்கள். சித்தா, ஆயுர்வேதம், யுனானி ஆகியவற்றில் முறையாகப் பட்டம் பெற்றுப் பதிவு செய்தவர்கள், தாங்கள் பெற்ற பயிற்சியின் அடிப்படையில் நவீன மருத்துவ முறைகளையும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். அறுவை சிகிச்சையும் அதில் குறிப்பிடப்பட்டது. "பயிற்சியின் அடிப்படையில்" என்பதே இங்கு முக்கியமான சொல். பெறாத பயிற்சியை அரசாணை கொடுத்துவிடாது.

நீதிமன்றங்களின் பார்வையும் இதுதான். ஹோமியோபதி படித்த ஒருவர் அலோபதி மருந்து கொடுத்து நோயாளி இறந்த வழக்கில், தான் படிக்காத முறையில் சிகிச்சை தருவதே அலட்சியம்தான் என்று உச்ச நீதிமன்றம் 1996-இல் தீர்ப்பளித்தது. 2023 ஏப்ரலில் குஜராத் வழக்கு ஒன்றில், ஆயுர்வேத மருத்துவர்கள் அரசுப் பணியில் எம்.பி.பி.எஸ். மருத்துவர்களுக்கு இணையான ஊதியம் கோர முடியாது என்றது. ஆயுர்வேதத்தின் சிறப்பை மறுக்கவில்லை. ஆனால் அவசர சிகிச்சையிலும் சிக்கலான அறுவை சிகிச்சையிலும் இரு தரப்பினரும் செய்யும் பணி ஒன்றல்ல என்பதைக் காரணமாகச் சொன்னது.

மார்க்கம் இதில் என்ன சொல்கிறது?

அறுவை சிகிச்சை நம் முன்னோர்களுக்கு அந்நியமான கலை அல்ல. ஸ்பெயினின் கொர்தோபாவில் வாழ்ந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவி, சுமார் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் 'அத்தஸ்ரீஃப்' என்ற முப்பது பாகங்கள் கொண்ட மருத்துவக் களஞ்சியத்தை எழுதினார். கடைசிப் பாகம் முழுக்க அறுவை சிகிச்சை பற்றியது. ஏறக்குறைய இருநூறு கருவிகளின் படங்கள் அதில் உண்டு. பன்னிரண்டாம் நூற்றாண்டில் லத்தீனில் பெயர்க்கப்பட்டு, ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் அது பாட நூலாக இருந்தது.

அந்த நூலை நாம் பெருமைக்காக மேடைகளில் சொல்கிறோம். ஆனால் அதே பாகத்தின் முன்னுரையில் அவர் எதற்காக வருந்தினார் என்பதை அவ்வளவாகச் சொல்வதில்லை. உடற்கூறு அறிவு இல்லாமல் கத்தியை எடுத்தவர்களால் நோயாளிகள் மாண்டதை அவர் பதிவு செய்திருக்கிறார். முழுமையாகக் கற்காமல் இந்தத் தொழிலில் இறங்காதீர்கள் என்பதே அவர் தம் மாணவர்களுக்கு விட்டுச் சென்ற அறிவுரை.

மருத்துவம் அறிந்தவர் என்று அறியப்படாத ஒருவர் சிகிச்சை செய்து தீங்கு நேர்ந்தால், அவரே அதற்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் நபிமொழி அபூதாவூத் உள்ளிட்ட நூல்களில் பதிவாகியுள்ளது. ஃபிக்ஹு அறிஞர்கள் இதிலிருந்து 'ளமான்' என்ற இழப்பீட்டுச் சட்டத்தை வகுத்தார்கள். நல்ல நோக்கத்தோடு செய்தேன் என்பது அங்கே விடுதலை தராது. பயிற்சி இல்லாமல் ஹிஜாமா முகாம் நடத்தும் சகோதரர்களும் இதைக் கவனத்தில் கொள்ள வேண்டும். யுனானிப் பட்டத்தை வைத்துக்கொண்டு, பயிற்சி பெறாத அறுவையில் இறங்கினால் நாட்டுச் சட்டமும் ஷரீஅத்தும் ஒரே பக்கத்தில்தான் நிற்கும்.

அப்படியானால் என்ன செய்யலாம்?

முதலில் பிள்ளையிடம் கேளுங்கள். "டாக்டர்" என்ற பெயர் வேண்டுமா, சர்ஜன் வேலை வேண்டுமா, நோயாளிக்கு நிதானமாகச் சிகிச்சை தருவது பிடிக்குமா? பதிலைப் பொறுத்து வழி மாறும்.

சர்ஜன்தான் ஆக வேண்டும் என்று பிள்ளை உறுதியாக இருந்தால், இன்னொரு முறை நீட் எழுதுவது பற்றி யோசிக்கலாம். அதற்கு வயது உச்சவரம்பு இப்போது இல்லை. வீட்டின் பொருளாதாரமும், பிள்ளையின் மனநிலையும், முந்தைய மதிப்பெண்ணும் அனுமதித்தால் மட்டும். ஆண்டுக்கணக்கில் இதையே தொடர்வதும் சரியல்ல. எத்தனை முறை என்பதை முன்கூட்டியே பேசி முடிவு செய்யுங்கள்.

இட ஒதுக்கீட்டை முறையாகப் பயன்படுத்துங்கள். தமிழகத்தில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5 சதவீத இடம் உண்டு. சான்றிதழில் லெப்பை, தக்கனி, ஷேக், சையது என்பன போன்று அரசுப் பட்டியலில் உள்ள பிரிவின் பெயர் இருக்க வேண்டும். கடைசி நேரத்தில் வட்டாட்சியர் அலுவலகத்துக்கு ஓடாதீர்கள். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு 2020-ஆம் ஆண்டுச் சட்டப்படி 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அது எம்.பி.பி.எஸ்.ஸுக்கும் பொருந்தும், பல் மருத்துவத்துக்கும் யுனானிக்கும் பொருந்தும்.

பல் மருத்துவத்தை நம்மவர்கள் பலர் பொருட்படுத்துவதில்லை. பி.டி.எஸ். முடித்து, எம்.டி.எஸ். படிப்பில் வாய் மற்றும் முகத்தாடை அறுவை சிகிச்சைப் பிரிவை எடுத்தால், விபத்தில் உடைந்த தாடை, உதட்டுப் பிளவு போன்றவற்றுக்கு அறுவை சிகிச்சை செய்யும் நிபுணர் ஆகலாம். எம்.பி.பி.எஸ். இல்லாமல் அறுவை அரங்குக்குள் போகும் முறையான வழி இது.

வெளிநாட்டு எம்.பி.பி.எஸ். என்றால், நீட் தகுதி கட்டாயம். ஒரே கல்லூரியில் குறைந்தது 54 மாதப் படிப்பு வேண்டும். திரும்பி வந்து இங்கே தகுதித் தேர்வில் தேற வேண்டும். தேறிப் பதிவு பெற்றால் நீட் முதுநிலை எழுதலாம். முகவர் சொல்வதை மட்டும் நம்பிப் பணம் கட்டாதீர்கள்.

யுனானி பிடித்து அதில் சேர விரும்பும் பிள்ளையைத் தாராளமாகச் சேருங்கள். அரபி, உருது தெரிந்த மதரஸா மாணவர் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் படித்திருந்தால் அவருக்கு இது பொருத்தமான துறை. நாள்பட்ட நோய்களில் யுனானியை நாடி வருவோர் நம் மக்களில் இன்றும் ஏராளம். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் வழியாக உதவி மருத்துவ அலுவலர் பணியிடங்களும் வருகின்றன. சென்னையைச் சேர்ந்த ஹகீம் சையத் கலீஃபத்துல்லாஹ் அவர்களுக்கு 2014-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது யுனானிப் பணிக்காகத்தான். அறுவையில் ஆர்வம் இருந்தால் எம்.எஸ். ஜராஹத் படித்து, அதன் எல்லைக்குள் தேர்ந்தவராகலாம்.

சேருவதற்கு முன் அரும்பாக்கம் வளாகத்துக்குப் பிள்ளையை ஒருநாள் அழைத்துச் செல்லுங்கள். புறநோயாளிகள் பிரிவைப் பார்க்கட்டும். படித்துக்கொண்டிருக்கும் மாணவர்களிடம் பேசட்டும். அதே வளாகத்தில்தான் இந்திய மருத்துவம் மற்றும் ஹோமியோபதி இயக்குநரகமும் இருக்கிறது. அந்த ஆண்டுக்குரிய தகவல் குறிப்பேட்டை வாங்கி மொழித் தகுதி, கட்டணம், ஒதுக்கீடு எல்லாவற்றையும் நேரில் சரிபார்த்துக் கொள்ளுங்கள்.

"பிறகு மாற்றிக்கொள்ளலாம்" என்று மட்டும் பிள்ளையிடம் சொல்லாதீர்கள். அந்த வாக்கை நம்பி ஐந்தரை ஆண்டு படித்துவிட்டு, இருபத்து நான்கு வயதில் வழியில்லை என்று தெரிந்துகொள்ளும் பிள்ளை தன் பட்டத்தையும் நேசிக்காது, நம்மையும் நம்பாது. உண்மையைப் பதினெட்டு வயதிலேயே சொல்லிவிட்டால், அவர்கள் விரும்பியே யுனானியைத் தேர்ந்தெடுக்கக்கூடும். அல்லது வேறு வழியில் இன்னும் கடினமாக உழைக்கக்கூடும்.

நம் பிள்ளைகளுக்குப் பயனுள்ள கல்வியையும், கற்றதை அமானிதமாகப் பேணும் உள்ளத்தையும் அல்லாஹ் தந்தருள்வானாக. ஆமீன்.